சிவப்பு விளக்கும் மிலோ டின்னும்

"ரேடியோவுல மட்டும் எப்படிம்மா முடியுது?"

அப்பா இப்படிக் கேட்டபோது எனக்கு வயது 32. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அன்று காலை, காரின் சாலை வரியைப் புதுப்பிக்க மறந்து சம்மன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தேன். கையில் பணம் இல்லாமல் இல்லை. நேரமும் இருந்தது. "நாளைக்குக் கட்டிடறேன்பா" என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டில் முடிக்க வேண்டிய ஊடகத்துறைப் பட்டத்தை நாலரை ஆண்டில் முடித்தவள் நான். ஆனால் ஒலிபரப்பு அறைக்குள் போய்விட்டால் நான் வேறு ஆள். எட்டு மணிச் செய்திக்கு மூன்று விநாடி இருக்கும்போது பேச்சை அழகாக முடித்துவிடுவேன். பாட்டு மாறாது, விளம்பரம் தவறாது. நான்கு மணி நேரம் ஒரு பிசகும் இருக்காது.

அதனால் அப்பாவின் கேள்வி நியாயமானது. அங்கே முடிகிறது, இங்கே முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்? மனசு வைத்தால் முடியும், இவள் மனசு வைப்பதில்லை என்றுதானே எவரும் நினைப்பார்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இருபது வருஷமாக என்னை நானே சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். அவர் என்னிடம் கேட்டதைவிட அம்மாவிடம் கேட்டதுதான் அதிகம். என் ஆரம்பப்பள்ளி ரிப்போர்ட் கார்டு இருக்கிறதா என்றார். அம்மா எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. ஒரு பிஸ்கெட் டின்னிலிருந்து ஆறு வருஷத்தையும் எடுத்து நீட்டினார். ஆறிலும் ஏறத்தாழ ஒரே வரி. கெட்டிக்காரி, ஆனால் கவனம் இல்லை. ஏ.டி.எச்.டி. என்று சொல்வதற்கு, அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் விதிகளில் ஒன்று. திடீரென்று முப்பது வயதில் முளைக்கும் விஷயம் இல்லை அது.

தமிழில் 'கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு' என்கிறார்கள். பெயர் நீளம், அதோடு கொஞ்சம் தவறாகவும் வழிகாட்டுகிறது. கவனமே இல்லாதவர்கள் இல்லை நாங்கள். பிடித்த வேலை கிடைத்தால் சாப்பாட்டை மறந்து ஆறு மணி நேரம் உட்காருவோம். எதன்மீது, எப்போது கவனம் வைப்பது என்று திருப்பிவிடும் பகுதியில்தான் தகராறு. செய்ய வேண்டியதை மனத்தில் ஏந்தி வைத்திருப்பது, நேரம் போவதை உணர்வது, சலிப்பான வேலையைத் தொடங்குவது, இந்த மூன்றிலும் மூளை சறுக்குகிறது. உலக அளவில் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு இது இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். பெரியவர்களில் இரண்டு அல்லது மூன்று பேர். குடும்பத்தில் வருவது. ஓடி ஆடும் பையன்களை எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைதான் விட்டுப்போகிறாள்.

1902-ல் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி லண்டனில் சொற்பொழிவுகள் நடத்தினார். அறிவில் குறையில்லாத அந்தப் பிள்ளைகளிடம் ஒழுக்கக் கட்டுப்பாடு குறைவாக இருக்கிறது என்பது அவருடைய விளக்கம். மருத்துவம் அந்தப் பேச்சிலிருந்து எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. நம் வீடுகளில்தான் இன்னும் 1902 நடக்கிறது.

அப்பாவின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைத்தபோது கேட்க அவர் இல்லை. அம்மா தனியாக இருக்கிறாரே என்று பொந்தியானுக்கே திரும்பி வந்தேன். வாரத்தில் இரண்டு நாள் ஜொகூர் பாருவுக்குப் போய் நேரடி நிகழ்ச்சி செய்வேன். மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே எழுத்து, ஒலிப்பதிவு என்று ஏற்பாடு.

வேலையிடம் ஒன்று தேவைப்பட்டது. இணையத்தில் பார்ப்போமே, வெள்ளை மேசை, வெள்ளைச் சுவர், ஒரு சின்னச் செடி, அந்த மாதிரி. 600 வெள்ளிக்கு மேல் செலவு. பின்கட்டு அறையைக் காலி செய்து, சத்தமே வராதபடி கதவைச் சாத்தி, எல்லாச் சாமானையும் இழுப்பறைக்குள் அடுக்கி வைத்தேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

அந்த மேசையில் மூன்று வாரத்தில் நான் ஒரு வேலையும் முடிக்கவில்லை. பத்து நிமிட நிகழ்ச்சிக்கு எழுத உட்கார்ந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, செடி எந்த வகை என்று கைப்பேசியில் தேடி, பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்துப் படங்களில் போய் முடித்தேன். (நான்கு மணி நேரம். அன்னாசி பற்றி இப்போது என்னிடம் எது வேண்டுமானாலும் கேட்கலாம்.) இரண்டு தடவை ஒலிப்பதிவு தாமதமாகப் போனது. இன்னொரு தடவை ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாடே இல்லை என்று தயாரிப்பாளர் அன்பாகவே சொன்னார். அன்பாகச் சொன்னதால்தான் வயிற்றைக் கலக்கியது. அந்த ஏற்பாடு போனால் அம்மாவைத் தனியே விட்டுவிட்டுத் தினமும் ஜொகூர் பாரு ஓட வேண்டும்.

அந்த வாரம் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தபோதுதான் சுற்றிலும் பார்த்தேன். பத்து ஆண்டாக உட்கார்ந்த அறையை முதல் தடவையாகப் பார்த்தேன் என்றே சொல்லலாம்.

எதிரே பெரிய கடிகாரம், விநாடியோடு. பக்கத்தில் இந்த மணி நேரத்தில் என்னென்ன எந்த வரிசையில் வரும் என்ற பட்டியல். அடுத்த மணி நேரத்தின் பட்டியல் கண்ணில் படாது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு: எரிந்தால் வேலை நடக்கிறது, அணைந்தால் முடிந்தது, இடையில் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு மனிதர். அவர் என்னோடு பேசுவதில்லை, இருக்கிறார், அவ்வளவுதான். கைப்பேசி வெளியே. காதில் ஹெட்போன். நான் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் பேசுவேன், கைகால் ஆட்டினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். என் மூளைக்கு எதெல்லாம் முடியாதோ அதையெல்லாம் அந்த அறை எனக்காகச் செய்துகொண்டிருந்தது. நான் கெட்டிக்காரியாக இருந்ததற்கு அறையும் பாதிக் காரணம்.

ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லி வருகிறார். எங்களைப் போன்றவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் செய்ய வேண்டிய இடத்தில், செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய முடியவில்லை. ஆகவே உதவியும் அந்த இடத்திலேயே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். தலைக்குள் இருக்க வேண்டிய நேரத்தையும் நினைவையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். என்னுடைய அழகான வெள்ளை மேசை இதற்கு நேர்எதிராக எல்லாவற்றையும் இழுப்பறைக்குள் மறைத்து வைத்திருந்தது. கண்ணில் படாத பொருள் எனக்கு உலகத்திலேயே இல்லாத பொருள்.

மேசையை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். சமையலறையை ஒட்டியிருக்கும் பழைய சாப்பாட்டு மேசையின் ஒரு முனைதான் இப்போது என் அலுவலகம். மொத்தச் செலவு 40 வெள்ளி இருக்கும்.

முதலில் சுவர்க் கடிகாரம். முள் உள்ளது, எண் மட்டும் காட்டுவது கூடாது. 10:40 என்று எண்ணில் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. பெரிய முள் பத்தைத் தொடுவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் நேரம் தீர்ந்துபோகும் பொருள் என்று உறைக்கிறது. பக்கத்திலேயே சமையலுக்கு வாங்கும் திருகு டைமர். 25 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் கடைசியில், மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ டைமரை வைத்து அதைத் தொடங்கினார். எனக்கு 25 நிமிடம் சில நாள் அதிகம். பதினைந்தில் தொடங்குகிறேன். மிக மோசமான நாளில் ஐந்து. ஐந்து நிமிடம் என்றால் மனசு ஏமாந்து உட்கார்ந்துவிடுகிறது, பிறகு எழுந்திருக்க மறந்துவிடுகிறது.

சுவரில் ஒரு சிறிய வெள்ளைப் பலகை. அதில் இன்றைக்கு உள்ளவை மட்டும், அதிலும் மூன்று மட்டும். ஒருகாலத்தில் முப்பது வேலைப் பட்டியல் எழுதி, அதை வண்ண வண்ணமாக அலங்கரித்துவிட்டு, அலங்கரித்த களைப்பில் படுத்திருக்கிறேன். இன்னொன்று: 'வரி' என்று எழுதினால் நடக்காது. 'வரிக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வை' என்று எழுதினால் நடக்கும்.

இழுப்பறைக்குப் பதிலாக மூடியில்லாத, உள்ளே தெரியும் பெட்டிகள். பார்க்க அழகாக இருக்காது. அம்மாவுக்கு இன்னும் அதில் வருத்தம்தான், வீட்டுக்கு ஆள் வந்தால் துண்டைப் போட்டு மூடிவிடுகிறார். மூடினால் நான் மறந்துவிடுவேன் என்று சொல்லிச் சொல்லி, இப்போது ஆள் போனதும் அவரே எடுத்துவிடுகிறார்.

கைப்பேசிக்கு ஒரு பழைய மிலோ டின். வேலை தொடங்கும்போது அதற்குள் போட்டு, மூடியை அழுத்தி, சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். கைப்பேசி மேசைமேல் சும்மா கிடந்தாலே சிந்திக்கும் திறன் குறைகிறது என்று 2017-ல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று பரபரப்பாகப் பேசப்பட்டது. அதன்பின் செய்த ஆய்வுகளில் சில அதே முடிவைத் தரவில்லை, ஆகவே அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். என் விஷயம் எளிமையானது. மிலோ டின்னைத் திறக்கக் கொஞ்சம் நெம்ப வேண்டும், மூடி திறக்கும் சத்தம் அம்மாவுக்குக் கேட்கும். அந்த இரண்டு விநாடி வெட்கமே எனக்குப் போதும்.

சத்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில்தான் பல பெற்றோர்கள் தவறுகிறார்கள். படிக்கிற பிள்ளைக்கு ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி வேண்டும் என்று நினைக்கிறோம். பின்கட்டு அறையின் அமைதியில் என் தலைக்குள் இருந்த இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. மழைக்காலத்தில் சிங்க் கூரைமேல் அடித்துப் பெய்யும்போது மட்டும் எழுத்து ஓடும். சின்ன வயதிலும் அப்படித்தான். மழை நாளில் வீட்டுப்பாடம் முடித்துவிடுவேன், அதை யாரும் கவனித்ததில்லை. 2007-ல் சுவீடன் ஆய்வாளர்கள், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்குச் சீரான இரைச்சல் நினைவாற்றலுக்கு உதவியது, மற்ற பிள்ளைகளுக்கு அது இடைஞ்சலாக இருந்தது என்று கண்டார்கள். 2024-ல் இத்தகைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே போக்கு தெரிந்தது. பலன் சிறியதுதான், ஆனால் இருக்கிறது. சீரான இரைச்சல் என்றால் மழை, மின்விசிறி, அருவி மாதிரி. தொலைக்காட்சித் தொடர் அதில் சேராது. தங்கைக்கு இடைஞ்சலாகும் என்பதால் ஹெட்போனில் கேட்கட்டும், மெதுவாக.

அக்காள் மகனுக்கு இதையெல்லாம் சொன்னது யார் என்று கேட்டால், நான் இல்லை, அவன்தான் எனக்குச் சொன்னான். பதினான்கு வயது. பள்ளி விடுமுறையில் வந்தவன் என் மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சித்தி, நான் இங்கேயே ஹோம்வொர்க் செய்யவா?" என்றான். உட்கார்ந்தான், எழுந்தான், உட்கார்ந்தான், நாற்காலியை ஆட்டினான். அக்காள் கத்தத் தொடங்கினார். அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்த பலகையைக் காட்டி, "அதுல நின்னுகிட்டு எழுதுடா" என்றார், சும்மா கிண்டலாக. அவன் உண்மையாகவே தேய்க்கும் பலகையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, ஒரு காலை ஆட்டிக்கொண்டே முக்கால் மணி நேரம் கணக்குப் போட்டான்.

மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தில் 8 முதல் 12 வயதுப் பையன்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2015-ல் வெளிவந்தது. ஏ.டி.எச்.டி. உள்ள பையன்கள் எவ்வளவு அதிகம் அசைந்தார்களோ அவ்வளவு நன்றாக நினைவுப் பயிற்சியைச் செய்தார்கள். மற்ற பையன்கள் அசைந்தால் குறைவாகச் செய்தார்கள். 'ஆடாமல் உட்கார்' என்று நாம் அடக்குவது, சிலருக்குப் படிப்பையே அடக்குவதாகிவிடுகிறது.

அக்காளிடம் அன்றிரவு பேசினேன். அவனுக்குப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றேன். அக்காள் முகம் மாறிவிட்டது. "தம்போய்க்கா அனுப்பச் சொல்றே?" ஜொகூர் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, தம்போயில் பெர்மாய் மருத்துவமனை இருக்கிறது, அந்த ஊர்ப் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். நானும் சின்ன வயதில் மற்ற பிள்ளைகளைப் பார்த்து அதைச் சொல்லிச் சிரித்தவள்தான்.

மேசை மருந்து இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிகாரமும் டின்னும் வாங்கினால் போதும் என்று யாராவது நினைத்துவிட்டால் அந்தப் பழி என்னைச் சேரும். எனக்குச் சரியானது மருத்துவர், மாத்திரை, மேசை மூன்றும் சேர்ந்து. மாத்திரை எல்லோருக்கும் வேண்டியதில்லை, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தூக்கமில்லாமை, மனச்சோர்வு, தைராய்டு என்று வேறு காரணங்களும் இதே மாதிரி தெரியும், இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிவு கட்டிவிட முடியாது. நம் சுகாதார அமைச்சு பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் இதற்கென்று சிகிச்சை வழிகாட்டியே வைத்திருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் ஆரம்பிக்கலாம். அங்கிருந்து தேவையான இடத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஆசிரியர் சொல்வதும் அதில் முக்கியம், பள்ளிக் குறிப்புகளை எடுத்துப் போங்கள். என் அம்மாவின் பிஸ்கெட் டின்னைப் போல ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும்.

அக்காள் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவர்கள் வீட்டு வரவேற்பறையில் தேய்க்கும் பலகை, அதன்மேல் புத்தகம், பின்னால் சுவரில் புதுக் கடிகாரம். கீழே ஒரு வரி: 'கிளினிக்குக்கு நீயும் வருவியா?' போகிறோம், அடுத்த மாதம். என்ன சொல்வார்களோ தெரியாது. அவனுக்கு ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். பலகை அவனிடமே இருக்கட்டும்.

ஸ்டூடியோவில் இருந்த ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர வெகுநாள் ஆயிற்று: கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் மனிதர். பக்கத்தில் ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாலே எங்களுக்கு வேலை ஓடும். ஏன் என்று உறுதியாகச் சொல்லும் ஆய்வுகள் அதிகம் இல்லை, ஆனால் எங்களில் பலர் சொல்வது இதுதான். தனியாக வசிப்பவர்கள் நண்பரோடு காணொலி அழைப்பைத் திறந்துவைத்து, இருவரும் பேசாமல் அவரவர் வேலையைச் செய்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு இரவில் வீடு திரும்பி, கல்லூரிப் பாடமும் படிக்கும் தோழி ஒருத்தி இப்படித்தான் தேர்வு எழுதி முடித்தாள்.

எனக்கு அம்மா. சாப்பாட்டு மேசையின் அந்த முனை அவருடையது. கீரை ஆய்வார், பயற்றங்காய் நறுக்குவார், ஒன்றுமில்லாவிட்டால் பத்திரிகை. அவர் கூலாயில் மாமா வீட்டுக்குப் போன வாரம் என் மேசையில் கடிகாரம் இருந்தது, பலகை இருந்தது, டின் இருந்தது, வேலை மட்டும் நடக்கவில்லை. திரும்பி வந்ததும் இதைச் சொன்னேன். "நான் என்னடி செய்றேன், சும்மாதானே உக்காந்திருக்கேன்" என்றார்.

இந்தக் கட்டுரையும் அப்படித்தான் எழுதுகிறேன். வெளியே மழை இல்லை, காதில் மழை.

"இன்னும் எவ்வளவு நேரம் உக்காரணும்?"

"பதினைஞ்சு நிமிஷம்மா."

"சரி. அந்த வெங்காயக் கூடையை இங்க தள்ளு."